ராணியம்மா வாசித்த நிரல்

வேலை நிரந்தரமாகுமா, மூட்டை கட்ட வேண்டுமா என்பது ஆஃப்ரியேவுக்கு அந்த வியாழக்கிழமை தெரிந்துவிடும். குமாசி நகரத்தில் அந்த மென்பொருள் கம்பெனியில் ஆறு மாதமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள்.

முதலாளி அஜார்கோ 'வெளிப்படைத்தன்மை' என்று சொல்லும்போது பக்தியில் கண்ணை மூடிக்கொள்வார். நாளைய தக்காளி விலையை இன்றே சொல்லும் 'அறிவுள்ள' செயலி என்று ஒன்றைச் சந்தையின் தக்காளி ராணி டூஃபி அம்மாளிடம் பேசி முடித்திருந்தார். தக்காளிக்கு விலை வைப்பவரே அந்த அம்மாள்தான். முணுமுணுக்கும் வியாபாரிகளிடம் நீட்ட அவருக்கும் ஒரு மெஷின் தேவைப்பட்டது. ஆனால் உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்றுவிட்டார்.

"எல்லா நிரல் கோப்பும் பிரவுசர்ல வெறும் எழுத்தாத் தெரியணும். அம்மா தொட்டா ஓடவும் கூடாது, டவுன்லோடும் ஆகக் கூடாது" என்றார் முதலாளி.

"சார், நீங்க ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டா..."

"படிச்சா அந்தம்மாவுக்குப் புரியப்போகுதாக்கும். மலைச்சுப்போய்க் கையெழுத்துப் போடுவாங்க. நீ பண்ணு."

சர்வரில் அமைப்பை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நிரலின் நடுநடுவே அவள் தன் மனக்குமுறலை உள்ளூர் மொழியான ட்வியில் குறிப்புகளாக எழுதி வைத்திருந்தாள். முதலாளி ட்வி பேசுவார், சண்டைகூடப் போடுவார்; வாசிக்கத்தான் வராது. படித்ததெல்லாம் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அந்தத் தைரியத்தில் எழுதியது. இப்போது அவசர அவசரமாக அழிக்க ஆரம்பித்தாள். நாற்பதாவது கோப்பில் இருக்கும்போது அம்மாள் வந்துவிட்டார்.

அம்மாள் போனில் பக்கத்தைத் திறந்து கண்ணாடியை மாட்டினார். "இந்தக் கிறுக்கலெல்லாம் கிடக்கட்டும். இது நம்ம பாஷையாச்சே."

தினம் ட்வி பைபிள் வாசிக்கிற வாய். தடங்கலே இல்லாமல் வாசித்தது: "'அறிவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போன வார விலையோட பத்து கூட்டு. மழை பெஞ்சா இருபது. முதலாளி புளுகுக்கு ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.'"

முதலாளியின் வெளிப்படைத்தன்மைக்கு வியர்த்துவிட்டது. "இதை எழுதினவ இன்னியோட வீட்டுக்குப் போறாம்மா."

அம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. "இதை யார் வேணா பாக்கலாமா?"

"தாராளமா. உலகத்துல யார் வேணாலும்."

"என் சந்தைப் பொம்பளைங்க? லாரிக்காரனுங்க?"

"எல்லாரும்தான்."

அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷமா நான் விலை வைக்கிறதே இப்படித்தான்யா. ராணிக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னு சந்தையே நம்பிக்கிட்டிருக்கு. பழைய விலைப்பட்டியலைப் பாத்து இந்தப் புள்ள கண்டுபிடிச்சு, ஊருக்கே தமுக்கடிச்சிருக்கா. மூடு இதை முதல்ல."

"அப்ப, செயலி?"

"அது வேணும். மெஷின் சொல்லுச்சுன்னா ஒருத்தியும் வாய் பேச மாட்டா. ஆனா இவளை வெளிய விட்றாத. வெளிய போனா வாய் சும்மா இருக்காது."

அன்று மாலையே நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. காரணம், 'நம்பகத்தன்மை'. பக்கத்தை ஆஃப்ரியே தன் கையாலேயே மூடினாள். பிறகு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"எப்படிடீ நிரந்தரம் பண்ணாங்க?" என்றாள் அம்மா.

"என் திறமையைப் பாத்துதாம்மா."

சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் குரல் பிசகவே இல்லை.