தரையோடு அமுக்கிய கார்

இந்தக் காலத்து ஆட்களுக்கு நல்லதை நல்லதாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. புதுப் பேண்ட்டை முட்டியில் கிழித்துப் போட்டுக்கொள்கிறார்கள். கம்பெனிக்காரன் சரியான உயரத்தில் செய்து கொடுத்த காரை வாங்கி, ஸ்பிரிங்கைக் கழற்றிக் குட்டை ஸ்பிரிங் மாட்டித் தரையோடு அமுக்குகிறார்கள். அதற்குத் தனியாகப் பணம் வேறு.

என் தங்கை காவேரியின் மகள் வெண்மதிக்குக் கல்யாணம். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பெண்ணழைப்புக்கு என் ஜீப்பில்தான் மண்டபம் போயிருக்கிறார்கள். தாய்மாமன் நான் உயிரோடு இருக்கும்போது இந்தப் பெண் மட்டும் ரஞ்சித் அண்ணன் காரில் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ரஞ்சித்குமார் அவளுடைய பெரியப்பா மகன். ஓசூரில் கம்பெனி வேலை.

அன்று காலையிலேயே ஜீப்பைக் கழுவி, சீட்டுக்குப் புது உறை போட்டு வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் மனசு மாறுவாள் என்று ஒரு எண்ணம். சாயங்காலம் ரஞ்சித்தின் நீலக் கார் வந்து நின்றது. சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையாது. ஊரே அதைச் சுற்றி நின்றது. பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் பிரசவத்துக்கு என் ஜீப்பில் போனவள். அவளே அந்தக் காரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ரஞ்சித் என்னிடம் வந்தான். பென்னாகரம் மண்டபத்துக்கு எந்த வழியில் மேடு பள்ளம் குறைவு என்று கேட்டான். ஏரிக்கரை வழி சமமாக இருக்கும். பள்ளிக்கூட வழியில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள், எருமை படுத்த மாதிரி. நான் பள்ளிக்கூட வழியைச் சொன்னேன். தார் நன்றாக இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். அது பொய் இல்லை.

வேகத்தடைக்கு முன்னால் கார் நின்றது. பின்னால் வந்த நான் இறங்கி, ஜீப் கதவைத் திறந்து, தூசு இல்லாத சீட்டைத் தட்டிவிட்டேன். ரஞ்சித் குந்தி உட்கார்ந்து மேட்டைக் கையால் அளந்தான். வெண்மதி, காவேரி, கூட வந்த இரண்டு பெண்கள் எல்லாரையும் இறங்கச் சொன்னான்.

"கண்ணு, பட்டுப் பொடவையோட ரோட்டுல நிக்காத. வந்து ஏறு" என்றேன்.

அவள் மேட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏரிக்கரை வழில மேடே இல்லீங்களே மாமா. எதுக்கு இந்த வழிய சொன்னீங்க?"

"தார் நல்லா இருக்குதுன்னு சொன்னேன்."

அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். ரஞ்சித் காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக, நத்தை மாதிரி ஏற்றினான். அடி தட்டும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பின்சக்கரம் இறங்கும்போது ஒரே ஒரு தடவை சரக்கென்றது. என் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அதற்குள் வெண்மதி கை தட்டிவிட்டாள். எல்லாரும் மறுபடி காரில் ஏறினார்கள். காவேரி என் பக்கம் திரும்பவே இல்லை. திறந்த கதவைச் சாத்திவிட்டுக் காலி ஜீப்போடு பின்னால் போனேன்.

மண்டப வாசலில் பெண்ணைப் படம் எடுத்ததைவிடக் காரைத்தான் அதிகம் எடுத்தார்கள். ரஞ்சித் சிரித்துக்கொண்டே வந்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"ஒங்க ஜீப்பயும் ரெண்டு இஞ்சு எறக்கிரலாமா மாமா? வயசானவங்க ஏற சுலுவா இருக்கும்."

"வண்டின்னா ஆள ஏத்திக்கிட்டு மேடு ஏறணும். ஆளுங்க எறங்கி வண்டிக்கு வழி வுடறது எந்த ஊரு வழக்கம்டா?"

"எறங்கினவங்க திரும்ப அதுலதானங்க மாமா ஏறுனாங்க."

உள்ளே இருந்து வெண்மதி கூப்பிட்டாள், மாமன் மாலை போட வேண்டுமாம். ஜீப்பை வழியில் நிறுத்திவிட்டேன், எடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நடந்தேன். கையால் அளந்து பார்த்து ஓட்ட வேண்டியது ஒரு வண்டியா? யார் கை தட்டினாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.