அம்மாகிட்ட குடு

அம்மாவின் தலையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு அவள் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அண்ணன் அதே கதையை மறுபடியும் ஆரம்பித்தான்.

"அம்மா போயிட்டாங்கன்னு போன்ல அழறேன். இவ என்ன சொன்னா தெரியுமா சித்தி? 'சரி சரி, அம்மாகிட்ட குடு'ங்கறா!"

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வந்திருந்தவர்கள் கதவு வழியாக அவளை எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

அவள் பேருந்து ஓட்டுகிறாள். "அம்மாவுக்கு முடியல, இன்னிக்குத் தாங்காது" என்று அண்ணன் கூப்பிடுவான். வண்டியை யார் தலையிலாவது கட்டிவிட்டு அடித்துப் பிடித்து ஓடி வருவாள். அம்மா அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். "வந்ததுதான் வந்துட்ட, என் துணியெல்லாம் துவைச்சுப் போட்டுட்டுப் போயேன்" என்பான் அண்ணன். எத்தனை முறைதான் ஏமாறுவது? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் கூப்பிட்டால் வேறு பேச்சே கிடையாது, அம்மாகிட்ட குடு. அம்மா வந்ததும் ஒரே கேள்வி, என்ன சாப்பிட்ட? அம்மா விலாவாரியாகச் சொல்வாள். முட்டையில் உப்பு தூக்கல், ரொட்டி காய்ந்துவிட்டது, தக்காளி ஒரே புளிப்பு. சாகக் கிடக்கிறவள் தக்காளியைக் குறை சொல்ல மாட்டாள். இவள் சிரித்துவிட்டு வண்டியை எடுப்பாள்.

இன்று காலையும் அந்த வார்த்தை தானாக வாயில் வந்தது. அவன் கத்தினான். வழக்கமான நாடகம் என்று போனை வைத்துவிட்டு, ஒரு ட்ரிப்பையும் முடித்துவிட்டுத்தான் வந்தாள். அதற்குள் அம்மாவின் கை விறைத்துவிட்டிருந்தது.

அடக்கம் முடிந்து வந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"பாப்பா."

காரியம் இருந்தால் மட்டும்தான் அவள் பாப்பா. வலது கால் தரையில் பிரேக்கைத் தேடியது.

"உன்னை நான் குத்தம் சொல்லல. ஆனா அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அவளை இங்கயே வந்து இருக்கச் சொல்லுடா, உன்னைப் பாத்துக்கச் சொல்லு'ன்னாங்க. அப்படியே உசுரு போயிடுச்சு. வேலையை விட்டுடு பாப்பா. அம்மா ரூம் உனக்குத்தான்."

தனியாக ஓர் அறை எடுத்து, அதன் சாவி தன் கைக்கு வர அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இப்போது அதெல்லாம் பெரிதாகவே தெரியவில்லை. பாவி, பெற்றவளின் சாவைக்கூட நம்பாதவள் நான். 'சரி' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தையற்காரி காலிக் கோப்பைகளோடு உள்ளே வந்தாள்.

"நீங்களும் கொஞ்சம் படுங்க தம்பி. காலைல அம்மாவைப் பாத்துட்டு வந்து உங்க ரூம் கதவைத் தட்டு தட்டுன்னு தட்டினேன், எழுந்திரிக்கவே இல்லையே! எப்படிச் சொல்றதுன்னு எனக்குக் கைகாலெல்லாம் உதறிடுச்சு." பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "தூக்கத்துலயே போயிட்டாங்கம்மா. போர்வைகூடக் கலையல."

தையற்காரி வெளியே போனதும் அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"அது... ராத்திரியே சொன்னாங்க."

"அப்படியா."

"என்னடி அப்படியா? அப்ப நான் பொய் சொல்றேனா? நல்லா இருப்படி நீ!"

செத்துப்போனவளின் கையைக்கூட இவன் விட்டுவைக்கவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவனிடம் பத்து வார்த்தை பேசினால், பதினோராவது வார்த்தையில் அவள்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவினாள். கத்தல் பலிக்காததைக் கண்டு அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் கையைத் துடைத்தாள்.

"நான் கிளம்பறேண்ணா. காலைல வண்டி இருக்கு."

அம்மாவின் சீப்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஆட்கள் ஏறி முடித்து, வண்டியை எடுக்கப் போகும் நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"முடியலடி எனக்கு. நெஞ்சை அடைக்குது. இன்னிக்குத் தாங்காது."

"அம்மாகிட்ட..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பின்னால் யாரோ பொறுமையில்லாமல் கம்பியைத் தட்டினார்கள். அவள் வழக்கமான கேள்வியையே கேட்டாள்.

"என்ன சாப்பிட்ட?"

"ம்? ரொட்டிதான். டெய்லரக்கா முட்டை பொரிச்சுக் குடுத்தாங்க, அதுல உப்பே இல்ல. ரொட்டி வேற காஞ்சு போயி, தொண்டையில இறங்கவே மாட்டேங்குது. தக்காளியாவது..."

அவன் தக்காளியைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு போனை அணைத்துப் பைக்குள் சீப்பின் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

"ஏம்மா! என் ஸ்டாப்பை விட்டுட்டுப் போறியே!" பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்.

இத்தனை காலத்தில் அவள் ஒரு நிறுத்தத்தையும் விட்டதில்லை. ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்தாள். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அம்மாவின் 'தக்காளி ஒரே புளிப்பு' காதில் ஓடிக்கொண்டிருந்ததில், அவர் போன பிறகும் கதவு வெகுநேரம் திறந்தே இருந்தது.