வலப்பக்கம் ஏறுகிறவள்

தம்தின் கொடுக்க வேண்டியது முப்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம் மங்கோலியத் துக்ரிக். அத்தனையும் புல்லுக் கடன். போன குளிர்காலத்தில் பனி இறுகி, ஆடும் மாடும் நின்ற நிலையிலேயே விறைத்துச் செத்தபோது, சோய்ஜில்தான் லாரியில் உலர்புல் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்கு அவர் தெய்வம். கோடைத் திருவிழா நெருங்கும் நேரத்தில் அதே லாரி தூல் ஆற்றங்கரைக்கு மறுபடி வந்தது, இந்தத் தடவை வசூலுக்கு.

சோய்ஜில் கூடாரத்துக்கு வெளியிலேயே உட்கார்ந்து, உப்புப் போட்ட பால் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். அவசரமில்லாத மனிதர். அவரிடம் இரண்டு வழிகள் இருந்தன. தம்தின் தன் செவலைக் குதிரையைக் கொடுத்துவிடலாம், இறைச்சிக்காரன் நல்ல விலை சொல்கிறான். இல்லையென்றால் தம்தினின் மகன் பில்குனைத் திருவிழாப் பந்தயத்துக்கு அனுப்பலாம். பையனுக்கு எட்டு வயது, கோழிக்குஞ்சு எடை. சோய்ஜிலின் பந்தயக் குதிரையை அவன் ஓட்டினால், ஜெயித்தாலும் தோற்றாலும் கடன் முழுக்கத் தள்ளுபடி.

"பையனைக் குடு, இல்ல குதிரையைக் குடு. ரெண்டுல எது வலிக்காதோ அதக் குடு, தம்பி."

இரண்டும் வலிக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

ஐந்து வருடத்துக்கு முன்பு தம்தினின் மூத்தவள் சொலோங்கோ, ஒன்பது வயதில், இதே சோய்ஜிலின் குதிரையைப் பந்தயத்தில் ஓட்டினாள். அப்போதும் ஏதோ ஒரு புல்லுக் கடன்தான். பாதி வழியில் குதிரைகள் நெருக்கியடித்ததில் அவள் விழுந்தாள். குதிரை நிற்கவில்லை. ஆள் இல்லாமலே ஓடி ஐந்தாவதாக வந்தது; முதல் ஐந்துக்கும் பரிசு உண்டு. அந்த நாட்டுப் பந்தயத்தில் ஜெயிப்பது குதிரை. முதுகில் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு ஒன்றுதான். புளித்த குதிரைப்பாலை அதன் பின்புறத்தில் தெளித்து, புகழ்ப்பாட்டு முழுவதையும் பாடி, சோய்ஜிலுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் கொடுத்தார்கள். கூட்டத்தில் நின்று தம்தினும் கத்திக் கத்திக் குதூகலித்தான். பாட்டு முடிந்த பிறகுதான் பிள்ளை எங்கே என்று கேட்டான்.

தலையில் பட்ட அடி இடது கையையும் இடது காலையும் முடக்கிவிட்டது. 'ஊனப் பிள்ளை வந்தால் குதிரையின் அதிர்ஷ்டம் போய்விடும்' என்று அக்கம்பக்கத்தார் அவளைப் பட்டிப் பக்கமே விடவில்லை. மூன்று வருடம் கூடாரத்துக்குள்ளேயே கிடந்தாள். பிறகுதான் உலான்பாதர் மருத்துவமனையிலிருந்து சாரூல் என்ற பெண் வந்தாள். குதிரை நடக்கும்போது அதன் இடுப்பு அசைகிற அசைவு, மேலே இருப்பவர் இடுப்பையும் நடக்கிற மாதிரியே அசைக்கும், அதன் உடம்புச் சூட்டில் இறுகிய தசை இளகும் என்று பொறுமையாகச் சொன்னாள். அவளும் தம்தினும் சேர்ந்து செவலையைப் பழக்கினார்கள். இன்று அக்கம்பக்கத்திலிருந்து கைகால் முடங்கிய ஏழு பிள்ளைகள் அதன்மேல் ஏறப் படுக்கையை விட்டு வருகிறார்கள். சொலோங்கோ கோலூன்றிப் பத்தடி நடக்கிறாள்.

தம்தினுக்குச் சபலம் வந்தது. எல்லாப் பிள்ளையுமா விழுகிறது, ஒரே ஒரு பந்தயம்தானே என்று மனசு வக்காலத்து வாங்கியது. பில்குனைக் கூப்பிட்டான். பந்தயம் என்றதும் பையன் பறந்து வந்தான். சோய்ஜில் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஆட்டுக்குட்டியை எடை பார்ப்பதுபோல் இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்தார்.

கொஞ்ச தூரத்தில் சாரூல் கயிறு பிடித்து நடத்த, செவலைமேல் வந்துகொண்டிருந்த சொலோங்கோ அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, தம்பிய எதுக்கு இவர் தூக்கிப் பாக்குறாரு?"

தம்தினால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையனைப் பிடுங்கித் தன் பின்னால் நிறுத்திக்கொண்டான்.

"குதிரையையே கொண்டுபோங்கண்ணே."

சாரூல் பதறிப்போய், இந்த ஏழு பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்டாள். அதெல்லாம் சர்க்கார் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு சோய்ஜில் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கினார். பிறகு குதிரையின் இடப்பக்கம் போய் நின்று, இறங்கு தாயி என்று கையை நீட்டினார். அவர் அப்பனும் பாட்டனும் இடப்பக்கம்தான் ஏறினார்கள், இடப்பக்கம்தான் இறங்கினார்கள். வேறு பக்கம் ஒன்று இருப்பதையே அவர் நினைத்ததில்லை.

பெரியவர் கை நீட்டிவிட்டார் என்ற பயத்தில் சொலோங்கோ சாய்ந்தாள். சாரூல் "அந்தப் பக்கம் வேண்டாம்" என்பதற்குள் சரிந்துவிட்டாள். இடது கால் மடங்கவில்லை, குதிகால், சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. தலை கீழே தொங்க, பாதி உடம்பு சோய்ஜிலின் கையில் கிடந்தது. வேறு குதிரையாக இருந்தால் மிரண்டு ஓடியிருக்கும், பிள்ளையை ஆற்றங்கரை நெடுக இழுத்துக்கொண்டு.

தம்தின் ஓடக் காலை எடுத்து, எடுத்த இடத்திலேயே நிறுத்தினான். பின்னாலிருந்து ஓடினால் குதிரை மிரளும். சாரூல் குதிரையின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். செவலையின் காது பின்னால் மடிந்தது, தோல் ஒரு தடவை சிலிர்த்தது. அப்போது தலைகீழாகத் தொங்கியபடியே சொலோங்கோ மெல்ல ஒரு ராகம் இழுத்தாள். பந்தயத்துக்கு முன்பு ஓட்டும் பிள்ளைகள் குதிரைக்குப் பாடும் நீண்ட இழுப்பு அது. செவலை நட்டுவைத்த கல்லாக நின்றது.

சோய்ஜில் ஒரு கையால் அவளைத் தாங்கி, மறு கையால் காலை விடுவிக்கப் பார்த்தார். கால் விறகாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு கைப்பிடிச் சதைகூட இல்லை. அங்கவடி வாரை அவிழ்ப்பதற்குள் அவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது. அவளை உட்காரவைத்த பிறகும் காலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சரியாயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்," என்றார்.

"வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றாள் சாரூல். பிள்ளை விழுந்த அன்றைக்கு ஒரு மூட்டை மாவு அனுப்பியதோடு சரி, அதன்பிறகு அவர் இந்தக் கூடாரத்துக்குள் தலை நீட்டியதில்லை.

சொலோங்கோ மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"நான் வலப்பக்கந்தான் மாமா ஏறுவேன், வலப்பக்கந்தான் இறங்குவேன். இடது கால் உங்க பந்தயத்துல போச்சு. உங்க குதிரை அன்னிக்கே அஞ்சாவதா வந்துடுச்சு. நான் இன்னும் வந்து சேரல."

சோய்ஜில் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பேசியது தம்தின்தான். அண்ணன் என்று மரியாதையாக அழைத்த வாய்தான், ஆனால் குரல் புதிதாக இருந்தது.

"தப்பு உங்களோடது மட்டும் இல்லண்ணே. நானுந்தான் கத்துனேன். இன்னிக்கும் பையனைக் கூப்பிட்டுவிட்டது நாந்தான். புள்ள விழுந்த பெறகும் குதிரை ஜெயிச்சதா எண்ணுறோம் பாருங்க, அங்கதான் நாம கெட்டோம். பெரியவங்க பெருமையையும் கடனையும் புள்ளைங்க முதுகுல ஏத்தக் கூடாது. விழுந்த புள்ளைய மூடி வைக்கவும் கூடாது. ஒளிச்சு வைக்க வேண்டியது அவங்கள இல்ல, நம்ம மூஞ்சிய."

அப்பா பந்தயத்துக்கு அனுப்பமாட்டார் என்று புரிந்ததும் பில்குன் அழ ஆரம்பித்தான். யாரும் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. அழட்டும், எலும்பு முழுசாக இருக்கிறவன் அழுகை என்று விட்டுவிட்டார்கள்.

சோய்ஜில் கயிற்றைத் தம்தின் கையில் வைத்து, அவன் விரல்களைத் தானே மூடினார்.

"புல்லுக் கணக்கு முடிஞ்சுது தம்பி. நான் தள்ளுபடி பண்ணேன்னு எவன்கிட்டயும் பெருமையா சொல்லிடாத. கடன்காரன் நான். இன்னிக்குத்தான் கட்டுறேன், அதுவும் பாதிக்குக்கூடத் தேறாது."