சரிகை வேட்டியில் ஒரு கால்முறிவு

அழகம்மாவுக்கு ஒரு பிடிவாதம். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் குளித்து, தலை சீவி, பெட்டியிலிருக்கும் நல்ல துணியை உடுத்திக்கொண்டுதான் போகவேண்டும். ரப்பர் பால் வீச்சத்தோடு பஸ் ஏறி, பக்கத்துச் சீட்டுக்காரி மூக்கைப் பொத்துவதைப் பார்த்து மனம் வெந்தவள் அவள். தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இந்தப் பிடிவாதம் பலருக்கும் உண்டு.

அதனால்தான் அவள் புருஷன் இருளப்பன் ரப்பர் பால் வாளியோடு மழைச் சறுக்கலில் மல்லாக்க விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, அவள் செய்த முதல் வைத்தியம் குளிப்பாட்டியது. பக்கத்து மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் அலறல் கேட்டு ஓடி, அவரைத் தோளில் சாய்த்து குடியிருந்த லயத்துக்கு இழுத்து வந்தாள். மனுஷன் "ஐயோ காலு" என்று கத்தக் கத்த, வெந்நீர் ஊற்றி, எண்ணெய் வைத்து, தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த சரிகை வேட்டியைக் கட்டிவிட்டாள். வாளியையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பக்கத்து லயத்து யோகராஜின் திரீவீலரைக் கூப்பிட்டாள்.

வார்டில் நர்ஸ் வேட்டியைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் போகும் வழியில் விழுந்தாரா என்று சிங்களத்தில் கேட்டாள். அழகம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பால் வெட்டுகிற ஆள் என்று தோன்றவே இல்லையே! சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆட்டிய தலை, கல்யாணத்துக்குப் போகும் வழியில் விழுந்தவர் என்று அப்படியே ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறிவிட்டது.

சீட்டைப் பார்த்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கஜேந்திரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வேலையில அடிபட்டாத்தான் நட்டஈடு. கல்யாணத்துக்குப் போயி விழுந்தா மாப்பிள்ளை வீட்டுல போய்க் கேளு."

இருளப்பன் விழுந்ததைப் பார்க்க வேறு ஆளில்லை. பொண்டாட்டி சொல்லைச் சாட்சியாக யார் எடுப்பார்கள்? மாவுக்கட்டோடு மாசக்கணக்கில் படுக்கவேண்டிய மனுஷன். அவர் வாயில் தன் கையாலேயே மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று அழகம்மா அழுதாள்.

லேபர் ஒபிஸில் முறைப்பாடு கொடுத்தார்கள். விசாரணை நாள் வந்தது. அன்று காலையிலும் அழகம்மா திருந்தவில்லை. இருளப்பனின் பின்மண்டையில் ரப்பர் பால் முடியோடு முடியாகக் காய்ந்து, எண்ணெய்க்கும் மசியாமல் சவுக்காரத்துக்கும் மசியாமல் ஒட்டிக் கிடந்தது. கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"லேபர் ஒபிஸுலருந்து பெரிய மிஸ் வர்றாங்க. இந்தக் கோலத்துலயா போயி நிப்பீங்க?"

"காலு போனது பத்தாதுன்னு முடியையும் எடுக்கப் பாக்குறியா?" ஊன்றுகோலை ஓங்கினார் இருளப்பன். வேறு வழியில்லாமல் ஒரு துண்டால் தலைப்பா கட்டி மறைத்தாள்.

தோட்ட ஒபிஸில் லேபர் அதிகாரி றுகையா மிஸ் பொறுமையாகத்தான் கேட்டார். கஜேந்திரன்தான் வாயைக் கட்டவில்லை.

"பால் வெட்டுறவன் எவனாவது சரிகை வேட்டியில போவானா, மிஸ்? கல்யாண வீட்டுல நல்லா ஊத்திக்கிட்டு விழுந்திருக்கான்."

சாராயத்தை வாயில் வைக்காத மனுஷனைப் பார்த்துச் சொன்ன சொல். அழகம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைப்பாவை உருவி எறிந்தாள். தேங்காயைத் திருப்புவதுபோல் புருஷன் தலையைத் திருப்பிக் காட்டினாள்.

"கல்யாண வீட்டுல பன்னீர் தெளிப்பாங்க, மிஸ். எந்த ஊர்க் கல்யாணத்துல ரப்பர் பால் தெளிக்கிறாங்க? ஒரு வாளிப் பாலோட விழுந்தாரு. குளிப்பாட்டி வேட்டி கட்டிவிட்டது நான். தலையாட்டுனதும் நான். தப்பு என்னோடது, அவர் மேல இல்ல."

றுகையா மிஸ் எழுந்து வந்து அந்தக் கட்டியைப் பிடித்து இழுத்தார். ரப்பர் நீண்டது. கை நழுவியதும் பட்டென்று மண்டையில் போய் அடித்தது. "ஆ!" என்றார் இருளப்பன்.

"கணக்கப்பிள்ளை, இது என்னன்னு நீங்களே சொல்லுங்களேன்" என்றார் மிஸ்.

கஜேந்திரன் சுவரில் தொங்கிய கலண்டரைப் படிக்கத் தொடங்கினார். வேலையில் பட்ட அடிதான் என்று றுகையா மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

அடுத்த கிளினிக்குக்கு அழகம்மா புருஷனைப் பால் கறை படிந்த வேலைச் சட்டையிலேயே பஸ் ஏற்றினாள். பக்கத்துச் சீட்டுக்காரி மூக்கைப் பொத்தினாள். அழகம்மா கூசவில்லை. புருஷனோடு இன்னும் நெருக்கி உட்கார்ந்தாள்.

"பொத்திக்கிட்டே வாங்க, அக்கா. ஒருதரம் கழுவிட்டு நாங்க பட்டது போதும்."