நடந்த புன்னை

1987ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்த பின், கொச்சுதுறைப் பள்ளிக் கட்டடத்தில் பங்குப் பொதுக்கூட்டம் கூடியது. பேசவேண்டிய பொருள் ஒன்றே. கல்லறைத் தோட்டத்தின் வடமூலையில் நிற்கும் புன்னை மரத்தை வெட்டிவிட்டு, அவ்விடத்தில் ஓட்டுக் கூரையிட்ட கல்யாண மண்டபம் கட்டுவது. கூட்டத்தின் செயலாளர் பொறுப்பு அவ்வாண்டு, பள்ளியில் தமிழ் கற்பிக்கும் என்னிடம் இருந்தது.

எதிர்ப்பு எழும் என்று எவரும் எண்ணவில்லை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் கல்யாணம் வைத்து, விருந்தினரும் இலையும் சேர்ந்து நனைந்த ஊர் இது. ஆயினும் பின்வரிசையிலிருந்து பனியடிமை எழுந்தான். கட்டுமரத்தில் தனியே சென்று தூண்டில் போடுபவன். பெரிய வியாழனன்றுகூடக் கோயில் வாசலைத் தாண்டாதவன்.

"மரத்த வெட்ட வேண்டாம்," என்றான்.

"ஏன்?" என்று அச்சன் கேட்டார். பங்குத் தந்தையை நாங்கள் அச்சன் என்போம்.

"நெழலுக்கு."

"யாருக்கு நெழலு? உள்ள படுத்திருக்கிறவங்களுக்கா?" என்றான் கிளமென்ஸ். மூன்று வலைகளுக்கு உடைமைக்காரன். கேலி செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

கூட்டம் சிரித்து அடங்கியது.

"எங்கப்பன் அந்த மரத்தடியில ஒரு நேர்ச்ச வச்சிருக்காரு."

"உங்கப்பனா? கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவலையே சாயங்காலம் தேடி வந்து புடிச்சுட்டுப் போனவராச்சே," என்றான் கிளமென்ஸ்.

அப்போது எங்களுக்கு விளங்காதிருந்ததை இங்கேயே சொல்லிவிடுவது முறை. கரையில் தெரியும் இரு குறிகளை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்திக் கடலில் ஒரு கோடு பிடிப்பதைக் கணிச்சம் என்கிறோம். இரண்டு கணிச்சங்கள் சந்திக்கும் இடத்தில், நீருக்கடியில், மீன் தங்கும் பாறைத்திட்டு இருக்கும். அதற்குப் பார் என்று பெயர். பனியடிமையின் தந்தை கண்டுபிடித்த பார் ஒன்றை அவனும் அவன் மனைவி மெற்றில்டாவும் மட்டுமே அறிவர். கும்பம், மீனம் என்னும் மாசி, பங்குனி மாதங்களில் ஊர் வலைகள் வெறுமையாகத் திரும்பும். மற்ற வீடுகள் மரச்சீனிக் கிழங்கையும் உப்பையும் தின்னும் அந்நாட்களில், மெற்றில்டாவின் கூடையில் மட்டும் கலவா மீன் இருக்கும். பெண் பிள்ளைகள் மூவரின் படிப்பும் அந்தக் கூடையிலிருந்தே நடந்தது. பின்தொடர்ந்தவர்களை அவன் வெறும் மணலுக்கு அழைத்துச் சென்று, பகல் முழுதும் அங்கேயே தூண்டிலை வைத்துக்கொண்டு ஏமாற்றியதும் உண்டு.

அந்தப் பாரின் ஒரு கணிச்சத்துக்கு முன்குறி இந்தப் புன்னை. வடகரை முழுவதும் ஒரே உயரத் தென்னைகள். அவற்றிடையே இருண்டு உருண்டு தெரிவது இம்மரம் ஒன்றே. அது போனால் பார் அவனுக்குத் தொலையும். போகக்கூடாததற்குக் காரணம் சொன்னாலோ, பார் ஊருக்குப் போய்விடும்.

கிளமென்ஸ் விடுவதாக இல்லை. "நெழலுதானே வேணும்? தெக்கு மதிலோரம் வேற மரம் நட்டுத் தாறோம். நீயே போய்த் தண்ணி ஊத்து."

"தெக்க வச்சா எப்படிடா? மரம் மலைய விட்டு நடந்துடுமே."

சொல்லி முடிக்கும் முன்பே பனியடிமை வாயைக் கையால் பொத்தினான்.

நடத்தல் என்னும் வினை மரத்துக்குப் பொருந்தாது. பள்ளிப் பிள்ளை எழுதியிருந்தால் நான் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனால் ஓடத்திலிருந்து கரையைப் பார்ப்பவனுக்கு மரம் நடக்கும், கோபுரம் நடக்கும், மலை பின்னுக்கு நிற்கும். அந்த அறையில் இருந்த ஆண்கள் அனைவரும் அவ்வினையை அப்படியே ஆள்பவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எந்த மலைய விட்டு?" என்று கிளமென்ஸ் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"மூக்குன்னி மலையத் தவிர அந்தப் பக்கம் வேற மலை ஏது?" என்றது ஒரு முதிய குரல். புன்னைக்குப் பின்குறி எது என்பது வெளியாகிவிட்டது.

பனியடிமை உட்கார்ந்துவிட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து மெற்றில்டா எழுந்தாள்.

"ஒரு கணிச்சம் போயாச்சு. மத்ததையும் சொல்லிருங்க."

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா நாளைக்கு விடியறதுக்குள்ள இவங்க அந்தக் கோட்டுல வலைய எறக்கித் தேடுவாங்க. வலை பார்ல மாட்டும். மாட்டினத இழுப்பாங்க. வலையும் கிழியும், பாரும் ஒடையும். அப்புறம் யாருக்கு மீனு?" அவள் கிளமென்ஸ் பக்கம் திரும்பினாள். "இல்லேன்னு சொல்லுங்க சேட்டா, பாப்போம்."

கிளமென்ஸ் தரையைப் பார்த்தான். "தேடத்தான் செய்வோம்," என்றான். பொய் சொல்லாதது அவனிடமுள்ள ஒரு நல்ல குணம்.

"அப்ப இப்பவே பேசிக்குவோம். மரம் அங்கேயே நிக்கணும். பார்ல வலை எறங்கக் கூடாது. தூண்டில் மட்டும்."

"வலைக்காரன் நான் என்ன செய்ய?"

"கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? தூண்டிலப் புடிங்க. வெரலு அறுத்தா எண்ணெய் போடச் சொல்லி உங்க வீட்டுக்காரிகிட்ட நான் சொல்றேன்."

சிரிப்பு எழுந்தது. கிளமென்ஸும் சிரித்தான். பனியடிமை மட்டும் சிரிக்கவில்லை. தந்தை தனக்குத் தந்ததைப் பிள்ளைகளுக்குத் தராமல் ஊருக்குத் தருவதா என்று அவன் தவித்தது முகத்தில் தெரிந்தது. மெற்றில்டா அருகில் சென்று, எங்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்: "புள்ளைங்க கடலுக்கா போகப் போகுதுங்க? மூணும் பொண்ணு. ஊருகிட்ட இருந்தா, நமக்கு ஏலாமப் போற காலத்துலயும் ஒரு மீனு வீடு தேடி வரும்."

பனியடிமை எழுந்தான். கோயில் கோபுரம் ஓட்டுத் தொழிற்சாலைப் புகைக்குழாயை மறைக்கும் கோடே இரண்டாவது கணிச்சம் என்றான். தெளிவாகவே சொன்னான். கூட்டத்தில் சிலர் கண்களை மூடிக்கொண்டார்கள். இரு கோடுகளும் கடலில் எங்கே சந்திக்கின்றன என்று மனத்துக்குள் பார்த்திருக்க வேண்டும்.

முடிவில் தீர்மானிக்கப்பட்டவை வருமாறு. மண்டபம் தெற்கு மதிலோரம், சற்றுக் குறைந்த நீளத்தில் கட்டப்படும். புன்னை மரத்தை வெட்டவோ கிளை கழிக்கவோ கூடாது. அந்தப் பாரில் தூண்டில் மட்டுமே போடலாம். வலை இறக்குபவரின் அன்றைய மீன் முழுவதும் ஊருக்குச் சேரும். ஒவ்வோர் ஆண்டும் உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிந்திய முதல் வாரத்தில் அங்கே பனியடிமையின் கட்டுமரம் மட்டும் செல்லும். அவனுக்கு முடியாத காலத்தில், அவ்வாரத்து மீனை ஊரார் பிடித்து அவன் வீட்டில் சேர்ப்பார்கள். முன்மொழிந்தவர் மெற்றில்டா. வழிமொழிந்தவர் கிளமென்ஸ். எதிர்ப்பு எவரும் தெரிவிக்கவில்லை.