ஆந்தை உறங்கிய காலை

“அவளை எழுப்பக் கூடாது. அவளா எழுந்திரிக்கிற வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாது.”

பணியிற் சேர்ந்த நாளன்றே, எதை வேண்டுமாயினும் கேள், மணியடித்த பின் ஒருத்தியை உள்ளே விட்டுவைக்கும்படி மட்டும் என்றும் கேளாதே என்று தலைமைக் காப்பாளர் விரல் நீட்டி விலக்கியிருந்தார். அதனையே இன்று இளங்காப்பாளர் அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டுவிட்டாள்.

கீழ்வானம் நீறு பூத்த கரிபோல் வெளுத்தும் வெளுக்காமலும் கிடந்த வேளை அது. தெருவிளக்குகள் தம் பணி முடிந்ததோ இல்லையோ என ஐயுற்று மங்கி எரிய, முதற்பேருந்துகள் ஆளற்ற இருக்கைகளைச் சுமந்து திருப்பங்களிற் பெருமூச்செறிந்து செல்ல, அடைத்த கடைகளின் இரும்புக் கதவங்கள்மேற் பனிநீர் கோடிட்டு இழிய, உயர்ந்த மாடங்களும் தாழ்ந்த கூரைகளும் உடையார் இல்லார் என்னும் வேற்றுமையின்றி ஒரே நிறம் பூண்டு நின்ற அவ்வைகறையில், இரு கிடங்குகளுக்கிடையே ஒடுங்கிய அந்த மனை மட்டும் தன் பலகணிகளிலெல்லாம் ஒளியேற்றி விழித்திருந்தது. வீடிழந்த இளம்பெண்கள் இரவிலே தலைசாய்க்கும் இல்லம் அது. இரவுக்கு மட்டுமே. விடிந்தால் மணி ஒலிக்கும், கட்டில்கள் மடியும், பகலெல்லாம் அக்கூடம் கட்டட உரிமையாளரின் பயிற்சிக்கூடமாகிவிடும். அந்தி மயங்கும்வரை அப்பெண்களுக்குப் பேருந்து நிறுத்தமே வீடு.

மூலைக்கட்டிலில் உறங்கியவளுக்குத் தோழியர் இட்ட பெயர் ஆந்தை. சிற்றன்னையால் விரட்டப்பட்டு, புகைவண்டி நிலையத்திலும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் அலைந்த காலத்தில், கண்மூடினால் கேடு என்று கற்றவள். இங்கு வந்த பின்னும் செருப்பைக் கழற்றாது, சுவரில் முதுகு சார்த்தி, வாயிலையே நோக்கி அமர்ந்து இரவுகளைக் கழித்தவள். அறிவுடையீர், உறங்குவதில் என்ன வியப்பு என்று வினவாதீர்! நெடுங்கடல் அலைக்கழித்த மரக்கலம் துறைசேர்ந்து பாயிறக்கியதுபோலவும், அடைமழை ஓய்ந்த ஏரி அலையடங்கி வானத்தை ஏந்தியதுபோலவும், வாய் சற்றே திறந்து, போர்வையின் மடிப்பு கன்னத்திற் பதிய, ஒரு கை கட்டிலுக்கு வெளியே விரல்விரித்துத் தொங்க, அவள் கிடந்தாள். எதனையும் பற்றிக்கொள்ளாத அவ்விரல்களைக் கண்ட இளங்காப்பாளர் அடியோசை எழாது அருகே வந்து நின்றாள். தன் குடியில் முதன்முதல் பட்டம் பெற்றவள் அவள். பேச்சில் தேன் தடவத் தெரியாதவள். சினத்தையே ஊன்றுகோலாகக் கொண்டு இவ்வளவு தொலைவு நடந்தவள். அவ்வூன்றுகோலையும் அக்கட்டிலருகே ஒரு நொடி சாய்த்து வைத்தாள்.

“உனக்கு மூளை கீளை இருக்காம்மா?” என்றார் தலைமைக் காப்பாளர், குரலைத் தாழ்த்தி. “கூடத்தை நேரத்துக்கு ஒழிச்சுக் கொடுக்கலேன்னா கட்டடத்தையே திருப்பிக் கேப்பாங்க. ஒருத்தி தூங்குறதுக்கு இத்தனை பேரும் நடுத்தெருவுல நிக்கணுமா?”

“இப்ப மட்டும் எங்க போய் நிக்கப் போறாங்க, அரண்மனையிலயா?”

“வாய் ரொம்ப நீளுது உனக்கு.”

“படிக்க வச்சாங்கல்ல, அதான்.”

தலைமைக் காப்பாளர் கன்னெஞ்சர் அல்லர். வாயிற்படி பல ஏறியிறங்கி, பலர் முன் கைகட்டி நின்று பெற்ற கூரை அது. அதனை இழக்கும் அச்சம் பொய்யன்று. ஆதலால் அவர் கை மணியை நோக்கி நீண்டது.

அப்பொழுது, எதற்கும் எதிர்வழக்காடுவதால் ‘வக்கீல்’ எனப்பட்ட ஒருத்தி, தலைவாரியபடியே இடைபுகுந்தாள். “கூடம் காலியா இருக்கணும், அவ்ளோதானேம்மா? ஆந்தை தூங்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே? கட்டிலோட தூக்கிடலாம்.”

“தூக்கி? உன் தலையில வச்சுக்குவியாடி?”

“என் ரூமுக்குத் தூக்குங்க,” என்றாள் இளங்காப்பாளர்.

படிக்கட்டின் கீழே அவளுக்கென ஒதுக்கிய சிற்றறை அது. ஒருத்தி உடைமாற்ற வேண்டின் மற்றவரெல்லாம் வெளியே நிற்க வேண்டிய வீட்டிற் பிறந்தவளுக்கு, தாழிடக் கதவுள்ள முதல் அறை.

பெண்கள் சொல்லாமலே செருப்புகளைக் கழற்றிக் கைகளில் எடுத்துக்கொண்டனர். அறுவர் கட்டிலைப் பற்றினர். ஏனையோர் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டனர். நெல்வயலின்மேற் காற்று நடப்பதுபோல், நிலவு முகில்வழிச் செல்வதுபோல், அரசிளங்குமரி ஒருத்திக்கும் வாய்த்திராத சிவிகையென அக்கட்டில் அசைவின்றி மிதந்து சென்றது.

“செத்தவங்களைக்கூட இவ்ளோ மரியாதையா யாரும் தூக்க மாட்டாங்கடி,” என்று முணுமுணுத்தாள் வக்கீல்.

“வாயைக் கழுவுடி முதல்ல!”

ஒருத்திக்குத் தும்மல் வந்தது. அடுத்தவள் விரைந்து அவள் மூக்கைப் பிடித்தாள். இளங்காப்பாளர் திரும்பி நோக்கினாள். மணியைக் கையிலெடுத்த தலைமைக் காப்பாளர், தம்மை அறியாமலே, அதன் நாக்கை மற்றக் கையால் இறுகப் பொத்தி, மூச்சடக்கிச் சுவரோடு சுவராய் ஒட்டி நின்றார்.

கட்டில் அறைக்குள் அமைந்தது. ஆந்தை ஒருமுறை புரண்டு, மீண்டும் ஆழ்ந்தாள். கதவை மெல்லச் சார்த்திய பின்னரே தலைமைக் காப்பாளருக்குக் குரல் மீண்டது.

“அது ஸ்டாஃப் ரூம். ஒரு ரூமுக்கு ஒரு ஆளுதான். ரெண்டு பேர் இருக்க நான் விட முடியாது.”

“ஒரு ஆளுதான் இருப்பா.” இளங்காப்பாளர் அதற்குள்ளாகவே தன் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். “வேலைக்கு வந்துடுவேன். ரூமை அவளுக்குக் குடுத்துடுங்க.”

“பைத்தியமா உனக்கு? ராத்திரி எங்க படுப்ப?”

“தெரியலம்மா. என்கிட்ட கேட்டீங்க பாருங்க, அதையேதான் கட்டடக்காரங்க கிட்ட கேக்கப் போறேன். பகல்ல இந்தப் பொண்ணுங்க எங்க படுப்பாங்கன்னு.”

“அவங்க வாசல்ல போய்ச் சண்டை போடாதே. நான் சொல்றதைக் கேளு.”

“சண்டை போடல. கேக்குறேன். பதில் வர்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திருப்பேன்.”

தலைமைக் காப்பாளர் வாய்திறந்தார். எனினும், உறங்குபவளின் கதவு அருகிலிருந்தமையின், உரத்துப் பேச அவராலும் இயலவில்லை.

வாயிற்படியில் அமர்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெண்கள் கால்களை மடக்கி வழிவிட்டனர். அக்கட்டில் சிற்றறையின் கதவுநிலையைக் கடந்தபோதே முடிவாகிவிட்ட ஒன்றை வாயிலில் நின்று மீண்டும் எண்ணிப் பார்க்கும் தேவை இளங்காப்பாளருக்கு இல்லை. காவலின்றி உறங்குதல் எளியோர்க்கு அரிதினும் அரிதாய் வாய்க்கும் செல்வம். அதனை ஒருத்திக்கு ஈந்தவள், அன்றிரவு தன் தலை எங்கே சாயும் என்று அறியாதவளாய், வெளுத்துவந்த தெருவில் இறங்கித் திரும்பிப் பாராது நடந்தாள்.