கருவாட்டுப் பெட்டி

நாலாவது வாளித் தண்ணீரையும் ஊற்றி விளக்குமாற்றால் தேய்த்தார் தியாகலிங்கம். மணம் போகவில்லை. முந்தநாள்வரை அந்த லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கருவாட்டு மூடைகள் ஊர்காவற்றுறைக்குப் போய்வந்தன. இப்போது அதில்தான் தன் அண்ணன் அம்பலவாணர் வாத்தியாரைச் சுடலைக்கு ஏற்றப்போகிறார்.

வாத்தியாரின் மகள் சறோஜினிதேவி கிணற்றடியில் நின்று பார்த்தாள்.

“குஞ்சியப்பு, அப்பாவை இதிலையோ ஏத்தப் போறியள்?”

“வேறை என்ன செய்ய, பிள்ளை? எண்பத்து மூண்டு கலவரத்தோடை இளந்தாரியள் எல்லாம் வெளிக்கிட்டாச்சு. உன்ரை தம்பி ஜேர்மனியிலை. என்ரை ரெண்டும் பிரான்சிலை. மிஞ்சினது நிமிர ஏலாத, நாரி பிடிச்ச கிழடுகள். பாடையைத் தூக்கினா அதுகளுக்கும் சேர்த்து விறகு அடுக்க வேணும்.”

பக்கத்தில் நின்ற கிழவர்கள் சிரித்துவிட்டு, செத்தவீடு என்று நினைவு வந்து வாயைப் பொத்தினார்கள்.

“வேலிக்கு அங்காலை, அப்பாட்டைப் படிச்ச கடற்கரைப் பெடியள் நாலு பேர் விடியத்தொடக்கம் நிக்கினம். தாங்கள் தூக்கட்டோ எண்டு கேக்கினம்.”

தியாகலிங்கம் தேய்ப்பதை நிறுத்தினார். “அவங்களோ? உனக்கென்ன விசரோ? எங்கடை ஆக்களின்ரை பாடையிலை அவங்கடை கை படுறதோ?”

“அவையின்ரை கருவாட்டை ஏத்திக் கூலி வாங்கிறியள்தானே.”

“அது தொழில். அண்ணை உயிரோடை இருந்து எங்கடை மானத்தை வாங்கினது காணும். செத்தும் வாங்க வேண்டாம்.”

மானம் என்று அவர் சொன்னது இதைத்தான். மாரி வெள்ளம் நாரந்தனை ஒழுங்கைகளை மூடும்போது கடற்கரைக் குடிசைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வர முடியாது. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி வந்தார். வெயில் காலத்தில் வகுப்பையே கண்டல் மரங்களுக்குள் கொண்டுபோய், நாரை எண்ணவைத்துக் கணக்குப் படிப்பித்தார். தன் மகளையும் அவர்களோடு சேற்றில் இறக்கினார். ஊர்ப் பெரியவர்கள் எட்டு மாதம் அவரோடு பேசவில்லை. இன்று அதே பெரியவர்கள் முற்றத்துக் கதிரைகளில் வெற்றிலையைக் குதப்பியபடி, “எப்பேர்ப்பட்ட மனிசன்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிவந்த வாய்களைப் பார்க்கச் சறோஜினிக்கு அருவருத்தது.

தேத்தண்ணிக் கேத்தலோடு வேலியடிக்குப் போனாள். நால்வரில் முன்னால் முருகேசு நின்றான். அழுது கண் வீங்கியிருந்தது.

“விடமாட்டினமாம் என்ன, அக்கா?”

“பொறும், கதைச்சுப் பாக்கிறன். முதல்லை தேத்தண்ணி குடியுங்கோ.”

சொல்லக் கூசுகிறது. அவளுடைய கை தானாகவே வேலிக் கதியால் தடியில் கவிழ்த்திருந்த தகரப் பேணியை எடுத்துவிட்டது. ‘அவர்களுக்கு’ என்று வைத்திருக்கும் பேணி. அப்பா கண்ட நேரமெல்லாம் அதைப் பனங்காணிக்குள் வீசுவார். அம்மா புதிதாக ஒன்றைக் கவிழ்ப்பாள். அம்மா போய் ஆறு வருடம். இந்தப் பேணியைக் கவிழ்த்தது தன் கைதான் என்று சறோஜினிக்குத் தெரியும்.

முருகேசு பேணியைப் பார்த்தான்.

“தாகமில்லை, அக்கா.”

தேத்தண்ணி சிந்திக் கையைச் சுட்டது. அவள் துடைக்கவில்லை.

கிழவர்கள் எட்டுப் பேர் மூச்சிரைக்கப் பாடையைப் பெட்டியில் ஏற்றினார்கள். கொள்ளிச்சட்டியோடு தியாகலிங்கம் முன்னால் நடந்தார். பெண்கள் படலையோடு நின்றார்கள். அதற்கு அப்பால் போகும் வழக்கமில்லை.

நாலு வீடு தாண்டியிருக்காது. ஒழுங்கை திரும்பும் முடக்கு மணலில் பெட்டியின் சில்லுப் புதைந்தது. ஓட்டியவர் முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது. பெட்டி சரிந்து, வாத்தியாரின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. கிழவர்கள் தள்ளிப் பார்த்து இருமினார்கள். வேலியோரமாய்ப் பின்தொடர்ந்து வந்த நால்வரையும் தியாகலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

“டேய், என்ன விடுப்புப் பாக்கிறியள்? வந்து தள்ளுங்கோடா! பெட்டியைப் பிடி. பாடையிலை கை வையாதை.”

முருகேசு சாரத்தை மடித்துக் கட்டினான். தள்ளத்தான் வந்தான்.

சறோஜினி படலையைத் தாண்டினாள்.

“எடி, பொம்பிளையள் போறேல்லை!” என்று பின்னாலிருந்து இராசமணி மாமி கத்தினாள்.

“தள்ளாதையும், முருகேசு.” ஓடிவந்து பெட்டியின் பின்பலகைக் கொளுக்கியை அவள் கழற்றினாள். பலகை தடாரென்று விழுந்தது. “இறக்குங்கோ.”

“சறோ! இனி உன்ரை வீட்டிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் கை நனைக்க மாட்டினம்!”

“நனைக்க வேண்டாம், குஞ்சியப்பு.”

முருகேசு அவளைப் பார்க்கவில்லை. குனிந்து, முதலில் வாத்தியாரின் தலையை நேராக்கினான். பிறகு தோளைக் கொடுத்தான். மற்ற மூவரும் வந்தார்கள். கிழவர்கள் வேலியோடு ஒட்டி வழிவிட்டார்கள். கையில் நெருப்போடு நின்ற தியாகலிங்கமும் முன்னால் நடக்கத்தான் வேண்டியிருந்தது.

சறோஜினி மணலில் நின்றபடி பார்த்தாள். நால்வரில் ஒருவன் கட்டையன். பாடை சரியாதிருக்க, அவன் தன் துவாயை நாலாய் மடித்துத் தோளில் வைத்திருந்தான்.